கருப்பட்டியைச் சுவைத்தலும் வாசித்தலும்: வேம்பாரை முன்வைத்து

பிரெஞ்சு நாட்டுப்புறம் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளுக்கு ஓர் இலக்கணம் உருவாகிவிட்டது. எழுதுகிறவர் பாரிஸிலிருந்து கிளம்பி ஏதோ ஒரு சிற்றூரில் இறங்குகிறார். அன்று அங்கே சந்தை நாளாக இருக்கும். ஒரு கிழவர் பாலாடைக்கட்டியில் ஓரமாக ஒரு துண்டு அறுத்துக் கத்திமுனையில் நீட்டுவார். நூற்றாண்டுகளின் ருசி நாக்கில் கரையும். அடுத்த பத்தியில் கூடை முடைகிற ஒரு பெண்ணின் விரல்கள் வரும். பிறகு நிலவறை, மரப்பீப்பாய், வைன். கடைசிப் பத்தியில் தவறாமல் ஒரு பெருமூச்சு: நம்மிடமும் இதெல்லாம் இருந்தன, தொலைத்துவிட்டோம். நான் பிரான்சுக்குப் போனவனில்லை, படித்தவன்தான். ஆனால் அந்தக் கடைசிப் பெருமூச்சு எங்க ஊரைப் பற்றியது என்பதால் அதை விசாரிக்கும் உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன். நான் வேம்பார்க்காரன். எங்க ஊர்க் கருப்பட்டி தொலையவில்லை. மாசி, பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் அடுப்பு அணையாமல் காய்ச்சிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தொலைந்துகொண்டிருப்பது வேறொன்று. பெருமூச்சு விடுகிறவர்களின் பார்வை அதன்மேல் விழுவதில்லை.

ரொலான் பார்த் 1957-இல் வெளியிட்ட 'மித்தாலஜி' தொகுப்பின் இரண்டு கட்டுரைகள் இந்த இடத்தில் உதவும். ஒன்று, 'நீல வழிகாட்டி' என்ற சுற்றுலாக் கையேட்டைப் பற்றியது. அந்தக் கையேட்டுக்கு மேடுபள்ளமான நிலக்காட்சிதான் அழகு. மனிதர்கள் வகைமாதிரிகளாக மட்டுமே தென்படுவார்கள் என்கிறார் பார்த். ஸ்பெயினைப் பற்றிய கையேட்டில் பாஸ்க்காரன் என்றால் கடலோடி, கத்தலான்காரன் என்றால் கெட்டிக்கார வியாபாரி. அவர்களுக்கு வர்க்கம் இல்லை, கூலி இல்லை, சண்டை இல்லை. இரண்டாவது கட்டுரை வைனைப் பற்றியது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் குலக்குறிபோல வைனைக் கொண்டாடுவதை விஸ்தாரமாக, ரசித்தே விவரித்துக்கொண்டு வருகிறவர் கடைசியில் திடீரென்று அல்ஜீரியாவுக்குப் போய்விடுகிறார். நிலத்தைப் பறிகொடுத்த முஸ்லிம்களின் மண்ணில், அவர்களுக்குத் தேவையே இல்லாத ஒரு பயிரைக் குடியேறிகள் விளைவிக்கிறார்கள். அந்த மக்களுக்கு ரொட்டிக்கே வழியில்லை. வைன் ருசியாக இருக்கிறது என்பதை பார்த் மறுக்கவில்லை. ருசியாக இருப்பதனாலேயே அது குற்றமற்றதாகிவிடாது என்பதுதான் வாதம். நம் பயணக் கட்டுரையாளர்கள் பார்த்தின் நாட்டுக்குப் போய்ப் பாலாடைக்கட்டி தின்றுவிட்டு பார்த்தைப் படிக்காமல் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

வகைமாதிரி என்று சொன்னவுடன் எனக்கு எம்.ஏ. வகுப்பு ஞாபகத்துக்கு வருகிறது. ஐந்திணைக் கருப்பொருள் அட்டவணையை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள் நாம். தொல்காப்பியர் தருகிற கருப்பொருள் வரிசையில் 'உணா'வும் உண்டு, தொழிலைக் குறிக்கிற 'செய்தி'யும் உண்டு. தின்பதும் செய்வதும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வகுப்பறையில் இவை தனித்தனிக் கட்டங்களாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விடைகளாகிவிட்டன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நெய்தலின் உணவு என்று பாடப் புத்தகங்கள் எதைச் சொல்கின்றன? மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பொருள். அதாவது, கடற்கரை தின்கிற சோறு கடற்கரையில் விளைந்ததில்லை, பண்டமாற்றில் வந்தது என்பதை அட்டவணையே ஞாபகம் வைத்திருக்கிறது. இன்றைய 'உள்ளூர் உணவு' எழுத்துக்கு அந்த ஞாபகம் இல்லை. அதற்கு உணவு என்பது மண்ணிலிருந்து நேராக நாக்குக்கு வருவது. நடுவில் சந்தையும் கடனும் கிடையாது.

இனி வேம்பாருக்கு வருவோம். தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இராமநாதபுரம் போகும் வழியில், மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டி இருக்கிறது எங்க ஊர். பரதவர்களின் ஏழு கடல்துறைகளில் ஒன்று. 1530களில் போர்த்துக்கீசியரோடு ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு இந்தக் கரை கத்தோலிக்கமானது, 1542-இல் சவேரியார் வந்தார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. முத்துக்குளிப்பு 1961-ஓடு முடிந்துபோனது. கடலுக்கு எதிர்ப்புறம், கரிசல் தொடங்குவதற்கு முன்னால், மணலில் பனை. சாயல்குடி வரைக்கும் பனைதான்.

தூத்துக்குடி மக்ரூனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். பாரிஸ் போய் 'மக்கரோன்' தின்றவர்கள் அதை நம்மூர் மக்ரூனோடு ஒப்பிட்டு மகிழ்கிறார்கள். அங்கே வாதுமை, இங்கே முந்திரி. அந்த முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த மரம். பெயரோ இத்தாலி, பிரான்ஸ் என்று சுற்றி வந்தது. எங்கள் 'பாரம்பரியத் தின்பண்டம்' கப்பலிலிருந்து இறங்கியது என்பதில் எனக்கு வெட்கமொன்றும் இல்லை. துறைமுகத்தில் உள்ளூர் என்பதே அப்படித்தான். தூய்மையைத் தேடி வருகிறவர்களுக்குத்தான் இது சங்கடம்.

கருப்பட்டி எப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பனையேறி விடியுமுன் கிளம்புகிறார். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மரம். ஒவ்வொன்றிலும் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும், ஏனென்றால் பாளையைத் தினமும் மெலிசாகச் சீவிவிடாவிட்டால் ஊறுவது நின்றுவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதனி. தடவாவிட்டால் கள். இறக்கிய பதனியை விடிலிக்குக் கொண்டுவந்த பிறகு வேலை பெண்ணுடையது. விடிலி என்பது பனங்காட்டுக்குள் ஓலையால் வேய்ந்த குடிசை. அதில்தான் ஆறு மாதக் குடித்தனமும் அடுப்பும். வேலிக்கருவை விறகு. பதனி பொங்கி, நுரை அடங்கி, கூப்பதனியாகி, பாகாகிற வரைக்கும் அடுப்பை விட்டு அவள் நகர முடியாது. பதம் என்பதுதான் இங்கே எல்லாம். துளி முந்தினால் இறுகாது, துளி பிந்தினால் கருகிவிடும். அகப்பையால் எடுத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரட்டையில் ஊற்றுகிறாள். பத்து லிட்டர் பதனிக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும் கிடைக்கும். பனையேறி மரத்திலிருந்து விழுந்தால் ஊருக்குத் தெரியும். இவள் நெஞ்சுக்குள் இறங்குகிற புகையை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

கணக்கு வேறொரு இடத்தில் இருக்கிறது. மரங்களின் சொந்தக்காரர் ஒருவர், ஏறுகிறவர் ஒருவர், முன்பணம் கொடுத்த வியாபாரி ஒருவர். பருவம் தொடங்குவதற்கு முன்பே, மழைக்காலத்தில், வேலையில்லாமல் கிடக்கிற மாதங்களில் முன்பணம் வாங்கியாகிவிட்டது. வாங்கியவர் காய்ச்சுகிற கருப்பட்டியை வாங்கினவரிடமே போட வேண்டும், அவர் போடுகிற விலைக்கு. சந்தை விலைக்கும் இந்த விலைக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் வட்டி. வட்டி என்று அதை யாரும் சொல்வதில்லை. பருவத்துக்குக் குடும்பத்தோடு வெளியூர்ப் பனங்காட்டுக்கு வந்து விடிலி போட்டுத் தங்குகிறவர்களின் பிள்ளைகள் அந்த மாதங்களில் எந்தப் பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டிலும் இருப்பதில்லை.

இப்போது அதே பயணக் கட்டுரை வேம்பாருக்கு வருகிறது. பிரெஞ்சுச் சந்தையில் பயின்ற கண் நம் பனங்காட்டையும் அப்படியே பார்க்கிறது. போன பங்குனியில் ஒரு வேனில் வந்தவர்கள் விடிலி முன்னால் நின்று படம் எடுத்ததைப் பார்த்தேன். நல்ல மனிதர்கள்தான். பிளாஸ்டிக் பாட்டில்கூடக் கொண்டுவரவில்லை. பட்டையில் பதனி குடித்தார்கள், 'இதுதான் உண்மையான ருசி' என்றார்கள், கருப்பட்டியைப் பேரம் பேசாமல் வாங்கினார்கள். அவர்கள் போன பிறகு அடுப்படியில் இருந்த அக்கா சொன்னது: 'வந்தாவ, குடிச்சாவ, என் கையப் படம் புடிச்சாவ. கை ஏன் இப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல தம்பி.' கை சுண்ணாம்பிலும் பாகிலும் வெந்து கிடந்தது. அந்தக் கை படத்தில் 'பாரம்பரியம்' ஆகிவிடும்.

இதை வெறும் நகரத்துக்காரர்களின் போலித்தனம் என்று ஒதுக்கினால் விஷயம் கெட்டுப்போகும். இந்தப் பார்வைக்கு ஒரு மூதாதை உண்டு. ராபர்ட் கால்டுவெல் 1849-இல் 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டார். பனையேறிகளின் தொழிலை நுணுக்கமாகப் பார்த்து எழுதியவர் அவர். எத்தனை மரம், எத்தனை முறை, எவ்வளவு உயரம் எல்லாம் உண்டு. கூடவே அவர்களைத் தாழ்ந்தவர்களாகவும் மந்தபுத்தி உள்ளவர்களாகவும் சித்திரித்தார். அதைப் படித்த நாடார் கிறிஸ்தவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது, சட்டாம்பிள்ளை தனித் திருச்சபையே கண்டார். கால்டுவெல் இழிவுபடுத்தினார், இன்றைய உணவுப் பயணி போற்றுகிறார். இரண்டும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் இருவருடைய பிரதியிலும் பனையேறி மரத்திலேயே இருக்கிறார். கீழே இறங்கினால் பிரதி கலைந்துவிடும். நாடார்கள் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் போய்க் கடை வைத்ததே பனையிலிருந்து இறங்குவதற்காகத்தான் என்பதை 'பனை நம் ஆன்மா' என்று எழுதுகிறவர்கள் எங்கே வைப்பார்கள்?

இலக்கியம் இதைவிட நேர்மையாக இருந்திருக்கிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964-இல் வந்தது. கன்னியாகுமரிப் பக்கத்துக் கதை. புத்தம் வீட்டு லிஸிக்கும் பனையேறியின் மகன் தங்கராஜுக்கும் காதல். இரண்டு பேரும் ஒரே சாதி, ஒரே மதம். அப்புறம் என்ன தடை? ஏறுகிறவனுக்கும் ஏறவிட்டு வாங்குகிறவனுக்கும் நடுவில் உள்ள தூரம்தான். சாதிக்கு உள்ளே வர்க்கம் எப்படிச் சாதியைப் போலவே வேலை செய்கிறது என்பதைத் தமிழில் இவ்வளவு அடங்கிய குரலில் சொன்ன நாவல் வேறில்லை. பனை அங்கே காட்சியாகவோ ருசியாகவோ நிற்பதில்லை. யார் யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கிற பொருளாக நிற்கிறது. முன்னுரை எழுதுகிறவர்கள் இந்த நாவலின் 'மண்வாசனை'யை மெச்சுகிறார்கள். மண்வாசனை என்ற சொல் தமிழ் விமரிசனத்தின் நீல வழிகாட்டி.

மண்ணின் ருசி என்பதற்கு பிரெஞ்சில் 'தெர்வார்' என்று ஒரு சொல் இருக்கிறது. நிலம், காற்று, கைப்பக்குவம் எல்லாம் சேர்ந்து ஒரு பண்டத்தில் இறங்குவது. பயணக் கட்டுரைகளில் இது ஏதோ ஆதியிலிருந்து வரும் ஞானம்போல வரும். ஆனால் அந்த ருசிக்குச் சட்டப் பாதுகாப்பு எப்படி வந்தது என்ற வரலாறு வேறு மாதிரி. 1907-இல் தெற்கு பிரான்சின் லாங்தோக் பகுதியில் திராட்சை விவசாயிகள் எழுந்தார்கள். மார்ச்சில் ஒரு கிராமத்திலிருந்து நார்போன் நகருக்கு நடந்தவர்கள் 87 பேர். ஜூன் 9-ஆம் தேதி மோன்பெலியே நகரில் திரண்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். கோரிக்கை என்ன? வைனில் சர்க்கரை கலக்காதே! வடக்கத்தி பீட்ரூட் சர்க்கரையைப் போட்டு உருவாக்கிய வைன் சந்தையை நிரப்பி, உண்மையான வைனின் விலையைக் கீழே தள்ளிவிட்டது என்பது அவர்கள் ஆத்திரம். மிதமிஞ்சிய விளைச்சல், அல்ஜீரிய வைனின் வரத்து என்று காரணங்கள் இன்னும் உண்டு. பார்த் சுட்டிய அல்ஜீரியா இங்கேயும் எட்டிப்பார்க்கிறது. பிரதமர் க்ளெமான்ஸோ பட்டாளத்தை அனுப்பினார். நார்போனில் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். அந்தப் பகுதியிலேயே ஆள் எடுத்திருந்த 17-ஆவது காலாட்படை அணி தன் ஊர்க்காரர்கள்மேல் சுடக்கூடாதென்று கலகம் செய்தது. ஜூன் 29-இல் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. போராட்டத்தின் முகமாக இருந்த மர்ஸெலான் அல்பேர் என்ற சிறு விவசாயி பாரிஸ் போய் க்ளெமான்ஸோவைப் பார்க்க, அவர் ரயில் செலவுக்கென்று நூறு பிராங்க் கொடுக்க, வாங்கிக்கொண்ட அல்பேர் ஊரில் துரோகியாகிவிட்டார். நூறு பிராங்கில் ஒரு தலைவரை முடிப்பது எப்படி என்று நம் தொழிற்சங்கத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1911-இல் ஷாம்பேன் பகுதியில் எல்லைத் தகராறில் கலவரம் வெடித்தது. எந்த ஊர்த் திராட்சை அந்தப் பெயருக்குள் வரும், எது வராது என்பதுதான் பிரச்சினை. 1925-இல் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குச் சட்டம். 1935-இல் பிறப்பிடப் பெயர்களுக்கான தேசிய ஏற்பாடு. பயணி சுவைக்கிற ஒவ்வொரு 'நூற்றாண்டுகளின் ருசி'க்கும் அடியில் இப்படி ஒரு சண்டை உறைந்திருக்கிறது. அந்த ரோக்ஃபோருக்கு ஆட்டுப்பால் தருகிற லார்ஸாக் பீடபூமியின் விவசாயிகள், ராணுவ முகாமை விரிவாக்க விடாமல் 1971 முதல் 1981 வரை பத்து வருடம் போராடினார்கள். அமெரிக்கா ரோக்ஃபோர்மேல் வரி போட்டபோது, 1999 ஆகஸ்டில், ழோஸே போவேயும் கூட்டாளிகளும் மியோ நகரில் கட்டிக்கொண்டிருந்த மக்டொனால்ட்ஸ் கடையைக் கழற்றிப் போட்டார்கள். சந்தைக் கிழவர் கத்திமுனையில் நீட்டுகிற துண்டில் இது எல்லாம் இருக்கிறது.

சர்க்கரைக் கலப்படம் என்றதும் எங்க ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். கருப்பட்டியின் இன்றைய பிரச்சினையே அதுதான். சீனி விலைக்கும் கருப்பட்டி விலைக்கும் உள்ள இடைவெளி அப்படி. பாகு பதமாகும் நேரத்தில் சீனியைக் கொட்டினால் எடை கூடும், சீக்கிரம் இறுகும், பார்வைக்கும் பளிச்சென்று இருக்கும். நல்ல கருப்பட்டியை உடைத்தால் உள்ளே மங்கலாக இருக்கும், மழைக்காலத்தில் கசியும். அடுப்புக்கு மேல் பரணில் புகையில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். நகரத்து வாடிக்கையாளருக்குக் கசியக்கூடாது, மினுங்க வேண்டும். கலப்படத்துக்கான கிராக்கியின் ஒரு பங்கு அங்கேயிருந்து வருகிறது. பிறகு அவரே 'இப்பல்லாம் ஒரிஜினல் எங்க கிடைக்குது' என்பார். லாங்தோக்கில் கலப்படத்துக்கு எதிராகத் தெருவுக்கு வந்தவர்கள் உற்பத்தி செய்தவர்கள். இங்கே வர முடியாது. சீனி மூட்டையைக் கொண்டுவந்து இறக்குகிறவரும் முன்பணம் கொடுத்தவரும் ஒரே ஆளாக இருக்கிற இடத்தில் பனையேறி யாருக்கு எதிராக ஊர்வலம் போவார்?

இதற்கு விடையாகப் புவிசார் குறியீட்டைச் சொல்கிறார்கள். 1999-இல் சட்டம் வந்தது, 2003-இல் நடைமுறைக்கு வந்தது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் அந்தக் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் சட்டத்தின் உள்கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். பெயருக்கு உரிமையாளர் என்று பதிவாவது ஒரு சங்கம் அல்லது அமைப்பு. தொழில் செய்கிறவர் அந்தப் பெயரைப் போட்டு விற்க வேண்டுமென்றால் 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' என்று தனியாக விண்ணப்பித்துப் பதிய வேண்டும். விடிலியில் இருக்கிற அக்கா எந்த முகவரியைப் போட்டு விண்ணப்பிப்பாள்?

பெயரைக் காப்பாற்றுவதும் கையைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்பதற்கு பிரான்சே சாட்சி. ஷாம்பேன் உலகத்திலேயே மிகக் கறாராகக் காக்கப்படுகிற பெயர். அங்கே 2023 அறுவடையில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, ஆவணங்களில்லாத ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மனிதர் தங்க முடியாத இடத்தில் அடைத்து வைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டார்கள். 2025 ஜூலையில் நீதிமன்றம் அதை மனிதக் கடத்தல் என்றே தீர்ப்பளித்துச் சிறைத் தண்டனை விதித்தது. கைவினைக்கு வந்தால் லாயோல் கத்தி. கிராமத்தின் பெயரே கத்தியின் பெயர். 1993-இல் ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒரு வியாபாரி அந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டார். ஊர் வருடக்கணக்காக வழக்காடியது. 2012-இல் தோற்றபோது ஊர்க்காரர்கள் தங்கள் பெயர்ப்பலகையையே கழற்றினார்கள். பயணக் கட்டுரையில் இந்தக் கத்தி கொம்புப் பிடியோடு, அதில் பொறித்த தேனீயோடு வரும். பலகை வராது.

கள்ளைப் பற்றிப் பேசாமல் பனையைப் பற்றிப் பேச முடியாது. 1987 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். பக்கத்தில் கேரளத்தில் உரிமத்தோடு கள்ளுக்கடை. இங்கே 2003 முதல் சீமைச் சரக்கின் சில்லறை வியாபாரத்தை அரசே டாஸ்மாக் வழியாக நடத்துகிறது. போர்தோ போய் வைனைக் கண்ணாடிக் குவளையில் சுழற்றி முகர்ந்து அதன் மண்ணை எழுதுகிறவர், தன் ஊரில் ஒரு கலயத்தை முகர்ந்து பார்ப்பது போலீஸ்காரரின் வேலை என்பதை எழுதுவதில்லை. சுண்ணாம்பு பூசிய கலயமா, பூசாத கலயமா என்பதில் ஒரு மனிதரின் தொழிலும் வழக்கும் தொங்குகிறது. குடியால் நொறுங்கிய வீடுகளைப் பார்த்தவன் நான்; மதுவிலக்குக் கேட்டுத் தெருவில் உட்கார்ந்த பெண்களின் பக்கம் நிற்கிறவன்தான். என் கேள்வி வேறு. ஒரு நாடு தன் சிறு விவசாயி காய்ச்சுகிற பானத்தைப் பெயர் கொடுத்துக் காக்கிறது. இன்னொரு நாடு அதைக் குற்றமாக்கிவிட்டு ஆலைச் சரக்கை விற்கிறது. இந்த வேறுபாட்டைத் தாண்டி 'நாமும் அவர்களைப்போல நம் ருசிகளைப் போற்றவில்லையே' என்று பெருமூச்சு விடுவது என்ன வகையான ஒப்பீடு? 2021-இல் தமிழக வேளாண் பட்ஜெட் 76 லட்சம் பனை விதை நடுவதாகவும், ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாதென்றும், ரேஷன் கடையில் கருப்பட்டி விற்பதாகவும் அறிவித்தது. மரத்துக்கு இவ்வளவு வந்தது நல்லது. ஏறுவதற்கு இளவட்டங்கள் இல்லை என்பது விதை நட்டுத் தீர்கிற சங்கதி இல்லையே.

இவ்வளவும் சொன்னதால் ருசிப்பதையே குற்றமாக்குகிறேன் என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். நம் இடதுசாரி விமரிசனத்தில் ருசிக்கு எதிரான ஒரு சந்நியாசம் இருந்துகொண்டே வந்திருக்கிறது; உழைப்பைப் பற்றிப் பேசும்போது நாக்கைப் பற்றிப் பேசினால் கௌரவக் குறைச்சல். அதுவும் உழைக்கிறவரை வகைமாதிரி ஆக்குவதுதான். இம்முறை வகைமாதிரி துக்கப்படுகிறது, அவ்வளவே. பனங்காட்டில் இருக்கிறவர்கள் நம்மைவிட நன்றாக ருசிக்கிறார்கள். மாங்காயைக் கீறிப் போட்டுப் பட்டையில் குடிக்கிற காலைப் பதனி, கூப்பதனியில் வேகவைத்த பயறு, கார்த்திகைக்கு ஓலைக்குள் அவிக்கிற கொழுக்கட்டை, பிளந்த பனங்கொட்டைக்குள் இருக்கிற தவுண். கருப்பட்டியில் ஒரு விள்ளலை நாக்கில் வைத்துவிட்டு எந்த மணல் மரம், எந்த மாதம், சீனி விழுந்ததா இல்லையா என்று சொல்லிவிடுகிற கிழவிகள் எங்க ஊரில் இன்றும் இருக்கிறார்கள். நல்லதென்றால் கடைசியில் ஒரு சின்னக் கரிப்பு இருக்கும் என்பார்கள். இந்த அறிவு உழைப்பிலிருந்து வந்தது. 'உண்மையான ருசி' என்று வேனில் வந்தவர் சொன்னபோது அவருக்கு ஒப்பிட எதுவும் இல்லை, அந்த அக்காவுக்கு இருந்தது. அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

ஜான் பெர்ஜர் 1970களில் பிரான்சின் ஆல்ப்ஸ் பகுதியில் ஒரு கிராமத்தில் குடியேறி, சாகும்வரை அந்த மண்ணோடு தொடர்பை விடவில்லை. 1979-இல் வந்த அவரது 'பிக் எர்த்' கதைகளிலும் பாலாடைக்கட்டி இருக்கிறது, மாடு அறுப்பது இருக்கிறது, சாராயம் காய்ச்சுவது இருக்கிறது. தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சந்தோஷமாகவும் இருக்கிறார்கள். வைக்கோல் அறுப்பில் அவரும் கூடப் போனார் என்பதால் மட்டும் அந்த எழுத்து வேறாகிவிடவில்லை. வெளியிலிருந்து வந்தவன் என்பதை மறைக்காமல், அந்த விவசாயிகள் ஏன் அழிந்துகொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வியைப் புத்தகத்தின் பின்னுரையில் நீளமாக எழுப்பினார். பிரெஞ்சுக் கிராமத்தைப் பற்றி எழுத ஆசைப்படுகிற நம்மவர்கள் கையேட்டுக்குப் பதிலாக அதைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஓலைப்பெட்டி. கருப்பட்டி ஓலைப்பெட்டியில் போகவேண்டிய சரக்கு. காற்றோட்டம் இருப்பதால் கசிவு குறையும். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்குக் கிழித்து, சாயம் தோய்த்து முடைகிறவர்கள் பெண்கள். வீட்டு வேலை முடிந்து மத்தியானத்தில் செய்வதால் அது வேலை என்றே கணக்கில் வராது. இன்றைக்குக் கருப்பட்டி வேம்பாரிலிருந்து பிளாஸ்டிக் சாக்கில் போகிறது, ஓலைப்பெட்டி கருப்பட்டி இல்லாமல் சென்னையில் பரிசுப் பொருள் கடைக்குப் போகிறது. அங்கே அதற்குள் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய சாக்லேட்டை வைத்துக் கல்யாணத்துக்குக் கொடுக்கிறார்கள். பெட்டிக்கு என்ன விலை போட்டிருக்கிறது என்று நான் ஒரு கடையில் பார்த்துவந்து சொன்னபோது, முடைகிற பெரியம்மா கேட்டது: 'அம்புட்டுமா? அப்ப எனக்கு எண்ணிக் கொடுக்கது எதுக்கு?' அவருக்கு இன்னும் பெட்டிக் கணக்குதான். இருபது பெட்டி ஒரு கட்டு. கட்டுக்குத்தான் காசு, அதிலும் ஒரு பெட்டி கோணல் என்று ஆள் எடுத்துப் போட்டுவிடுவார். கோணலான பெட்டிகளை அவர் தூக்கிப்போடுவதில்லை. எங்க வீட்டில் கருவாடு இருப்பது அதில்தான்.